விளக்கு வைத்த பிறகு



எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அநேகமாக உங்கள் வீட்டிலும் இருக்கும். விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்கக் கூடாது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் பொழுது சாய்வதற்குள் பறித்துக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் அன்றைக்கு ரசத்துக்குக் கடுகும் சீரகமும் மட்டும்தான். “செடி தூங்குது” என்பார் அம்மா. அதற்கு மேல் கேள்வி கேட்டால், “எங்கம்மா சொன்னாங்க, நான் சொல்றேன்.”

போன தீபாவளி லீவில் இந்தச் சட்டத்தை மீறியவள் என் அண்ணன் மகள். கோவையில் விவசாயம் படிக்கிற பெண். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நெற்றியில் ஒரு டார்ச்சைக் கட்டிக்கொண்டாள். செல்போன் கேமராவின் மேல் துணி கிளிப் மாதிரி எதையோ மாட்டிக்கொண்டாள். தோட்டத்துப் பக்கம் கிளம்பிவிட்டாள்.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தாம்பரத்தைத் தாண்டி இருக்கிற எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கார் நிறுத்துகிற அளவுக்கு இடம். ஒரு கறிவேப்பிலை, ஒரு மாமரம், செம்பருத்தி, நந்தியாவட்டை, மோட்டார் ரூம் சுவரோரம் கத்தரியும் தக்காளியும் வைத்த ஏழெட்டுத் தொட்டிகள். அவ்வளவுதான்.

அம்மா பின்வாசலில் நின்று சத்தம் போட்டார். “ராத்திரி நேரத்துல பூச்சி பொட்டு இருக்கும், உள்ளே வாடி!”

இருட்டிலிருந்து பதில் வந்தது. “பூச்சி இருக்கும்னுதான் பாட்டி போறேன்.”

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். உடம்பெல்லாம் கொசுக்கடி, முழங்காலில் சேறு, முகத்தில் மட்டும் லாட்டரி விழுந்த களை. செல்போனை அம்மாவிடம் நீட்டினாள். திரை முழுக்க ஒரு முகம். கீழே வரிசையாக நாலு சின்னக் கண்கள். அதற்கு மேல் இரண்டு பெரிய கண்கள். உச்சியில் பின்பக்கமாக இன்னும் இரண்டு. முகமெல்லாம் சாம்பல் நிறப் பூனைமுடி. ஒரு பக்கத்து மீசையில் பனித்துளி மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர்.

அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “யாருடி இது?”

கவனித்தீர்களா? “என்னடி இது” என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும். மனிதர்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. பசுவை ‘அவள்’ என்று சொன்னால்கூட, ஆசையினால் வந்த வழு என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. எட்டுக்கால் பூச்சிக்கு இந்தச் சலுகையை யாராவது கொடுத்ததுண்டா? அதற்கு நாம் கொடுத்ததெல்லாம் துடைப்பம்தான். நானும் துடைப்பம் தூக்கியவள்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு படம் எழுபத்தாறு வயது அம்மாவை ‘யாரு’ என்று கேட்க வைத்துவிட்டது. இந்த மாதம் உங்களுக்கு எழுத நினைத்தது அதைப் பற்றித்தான்.

மறுநாள் ராத்திரி நானும் கூடப் போனேன். டார்ச்சைக் கையில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு மாமரத்தடிப் புல்லில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. “அத்தை, கண்ணுக்குப் பக்கத்துல, நெற்றிப்பொட்டுகிட்ட வச்சுப் பிடிங்க” என்றாள். பிடித்தேன். தரையெல்லாம் பச்சைப் பொடிக் கற்களை இறைத்த மாதிரி மின்னியது! பனித்துளி என்று நினைத்துக் குனிந்தால், மினுக்கு நகர்ந்து ஓடுகிறது.

எல்லாம் சிலந்திகளின் கண்கள். மாட்டின் கண்ணும் பூனையின் கண்ணும் இருட்டில் மின்னுகின்றன இல்லையா, அதே ஏற்பாடு இந்தச் சிலந்திக்கும் உண்டு. கண்ணுக்குள்ளே ஒரு கண்ணாடிப் படலம். அதில் பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகும். அதனால்தான் டார்ச் நம் கண்ணை ஒட்டி இருந்தால் மட்டும் அந்த மினுக்கு நமக்குத் தெரிகிறது. இது வலை பின்னாத சாதி. தரையில் ஓடியே இரை பிடிக்கும். ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். பெண் சிலந்தி முட்டைகளை உருண்டை மூட்டையாகக் கட்டி, வயிற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டு ஓடும். குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கு அப்படி ஒரு தாய் கிடைத்தாள். டார்ச் பட்டதும் அவளுடைய கண்கள் பெரிதாக மின்ன, முதுகு முழுக்கப் பொடிப் பொடியாக ஊசிமுனை வெளிச்சங்கள். பிள்ளைகளின் கண்கள்.

பகலில் அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். பதினாறு வருடமாக.

இப்படிப் படம் எடுக்க என்ன செலவாகும் என்று உங்களில் பலர் கேட்பீர்கள். ஆரம்பத்துக்கு, ஏற்கெனவே கையில் இருக்கிற செல்போன் போதும். மேலே மாட்டுகிற கிளிப் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆசை முற்றினால் பெரிய கேமரா, மேக்ரோ லென்ஸ் என்று போகலாம். சென்சாரில் விழுகிற உருவம் பூச்சியின் நிஜ அளவுக்கே சமமாக இருந்தால்தான் அதை முழு மேக்ரோ என்பார்கள். அதாவது 6 மில்லிமீட்டர் பொறிவண்டு, சென்சாரிலும் 6 மில்லிமீட்டர். அதைக் கம்ப்யூட்டர் திரையில் விரித்தால் நம் முகத்தளவுக்கு வந்து நிற்கும்.

சிக்கல் ஒன்று உண்டு. அவ்வளவு நெருங்கும்போது, தெளிவாகத் தெரிகிற பகுதியின் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் கால் மங்கும், காலுக்கு வைத்தால் கண் மங்கும். மூச்சு விட்டால் இரண்டுமே போச்சு. முதல் நாள் நான் எடுத்த நாற்பது படங்களில் முப்பத்தெட்டு வெறும் பச்சைப் புகை. மீதி இரண்டில் ஒன்று என் கட்டைவிரல்.

பகலிலேயே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். ஆனால் பகலில் பூச்சி சுறுசுறுப்பு. நாம் குனிவதற்குள் பறந்துவிடும். ராத்திரி காற்று அடங்கியிருக்கும், இலை ஆடாது. உடம்பு குளிர்ந்த பூச்சி மந்தமாக உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு ஃப்ளாஷ் இருக்கிறது. குறைந்த பவரில் வைத்தால் அது எரிந்து அணைகிற நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கை லேசாக நடுங்கினாலும் படம் நடுங்காது.

ஃப்ளாஷை நேரடியாக அடித்தால் மட்டும் கெட்டுப்போகும். எவர்சில்வர் குடத்தில் உச்சிவெயில் பட்டால் ஒரே இடத்தில் கூசுமே, அந்த மாதிரி வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும். அதற்கு என் அண்ணன் மகள் எங்கள் சமையலறை டிராயரைத் திறந்தாள். கேக் தட்டில் போடுகிற பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு ஃப்ளாஷின் மேல் கட்டினாள். வெளிச்சம் பரவிவிட்டது. கடையில் இதற்கென்றே விற்கிற சாமானும் இருக்கிறதாம். எனக்கு இதுதான் பிடித்தது.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த காட்டு யானைப் படங்களை இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர் கேமராவோ, பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே பொருத்திக்கொண்ட ஒன்று. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாக ஒரு பெயர் வேறு. பட்டர் பேப்பருக்கும் ரப்பர் பேண்டுக்கும் நம்மில் ஒரு நல்ல பரம்பரை இருக்கிறது.

சரி, படம் எடுத்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டு மாமி என்னிடம் நேராகவே கேட்டார். என் பதில், முதலில் வீட்டுக்குள் இருக்கிற சில வழக்குகள் தீர்ந்தன என்பதுதான்.

முதல் வழக்கு, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய எட்டுக்கால் பூச்சி. மழைக்காலத்தில் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒன்று கட்டாயம் இருக்கும். சில சமயம் வயிற்றுக்கடியில் வெள்ளையாக, வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது முட்டைப்பை. அது மேலே ஊர்ந்தாலே, சிறுநீர் விட்டாலே அக்கி வந்துவிடும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். செம்மண் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளப் போன கதை எத்தனை வீட்டில் இருக்கிறது!

அக்கிக்கும் சிலந்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான் நரம்பில் பல வருடம் பதுங்கிக் கிடந்து, உடம்பு தளரும்போது அக்கியாக வெளியே வருகிறது. அதற்கு மாத்திரை இருக்கிறது. கொப்புளம் தோன்றிய மூன்று நாளைக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். ஆகவே டாக்டரிடம் போங்கள். எட்டுக்கால் பூச்சியைத் தேடி அடிப்பதில் அந்த மூன்று நாளைச் செலவழிக்க வேண்டாம். அதுவோ ராத்திரியில் கரப்பானைப் பிடித்துத் தின்கிற ஆள். கரப்பானுக்கு ஸ்பிரே வாங்கி, அதை இலவசமாகப் பிடிக்கிறவனுக்கும் அதே ஸ்பிரேயை அடிப்பது என்ன கணக்கு?

வேறு சில கொப்புளங்களுக்குக் காரணமான உண்மையான குற்றவாளி எங்கள் ட்யூப் லைட்டுக்குக் கீழேயே அகப்பட்டான். அரிசி நீளம்தான் இருப்பான். கறுப்பு, ஆரஞ்சு, கறுப்பு, ஆரஞ்சு என்று மாறி மாறி நிறம். பெரிதாக்கிப் பார்த்தால் முதுகின் நடுவில் கருநீலம் பளபளக்கிற அழகான வண்டு. கடிக்காது, கொட்டாது. ஆனால் கழுத்தில் வந்து உட்கார்ந்ததை அடித்து நசுக்கினால், அதன் உடம்புச் சாறு பட்ட இடம் மறுநாள் தீப்பட்ட மாதிரி எரிந்து கொப்பளிக்கும். அதனால் ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இதே வண்டு நெல் வயலில் பயிரை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது என்பது இன்னொரு பக்கம்.

அவன் ஏன் வீட்டுக்குள் வருகிறான்? வெளிச்சத்துக்கு. மழை நாளில் ஈசலும் விட்டிலும் விளக்கைச் சுற்றுவதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? விளக்கின் மேல் அவற்றுக்குக் காதல் என்று சினிமாப் பாட்டு முதல் பட்டிமன்றம் வரை சொல்லிவிட்டார்கள். 2024 ஜனவரியில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. வேகமான கேமராக்களை வைத்துப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். பூச்சி விளக்கை நோக்கிப் பறப்பதில்லை. முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. கோடிக்கணக்கான வருடங்களாக ராத்திரியில் தரையைவிட வானம்தான் கொஞ்சம் வெளிச்சம். எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுவே மேல் என்று அதன் உடம்புக்குப் பழக்கம். பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் முதுகை அந்தப் பக்கம் சாய்க்கும். சாய்ந்தால் திரும்பும். திரும்பித் திரும்பி விளக்கையே சுற்றும். விளக்குக்கு மேலே போய்விட்டால் தலைகீழாகப் புரண்டு விழும். காதலாவது ஒன்றாவது! பாவம், எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தடுமாறுகிறது.

அந்த ஆய்வில் இந்த மாயத்தில் சிக்காமல் விளக்கின் மேலாகவே நேராகப் பறந்துபோன அந்துப்பூச்சி ஒன்று உண்டு. பச்சையும் இளஞ்சிவப்புமாக மார்பிள் தரை போன்ற இறக்கை. அது யார் தெரியுமா? நம் வீட்டு அரளியிலும் நந்தியாவட்டையிலும் புழுவாக வளர்கிறவன்தான். பெரிய பச்சைப் புழு, முன்பக்கத்தில் நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டு, வாலில் ஒரு கொம்பு. நந்தியாவட்டையில் இலை குறைந்தால் அடுத்த முறை மருந்து அடிப்பதற்கு முன் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பின்பக்கத்து விளக்கை நாங்கள் இப்போது எட்டு மணிக்கு மேல் அணைத்துவிடுகிறோம். ராத்திரி முழுவதும் எரிந்துகொண்டிருந்தது, யாருக்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். இது எல்லா வீட்டுப் பிரச்சினை. ஒரு கொத்தில் இலையே காணோம், பக்கத்தில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சம் இல்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி வேஷம். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு ஒன்றை நீட்டும், ஒரு வாடை வரும். அம்மா முன்பெல்லாம் பார்த்த மாத்திரத்தில் குச்சியால் தள்ளி மிதித்துவிடுவார். இப்போது சமரசம் ஆகிவிட்டது. செடியின் மேல் பாதி எங்களுக்கு, கீழ்ப்பாதி அவர்களுக்கு. “சாம்பாருக்கு நாலு இலை போதும், அதுங்களுக்குச் சாப்பாடே அதானே” என்கிறார். இத்தனைக்கும் நான் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. அந்தக் கொம்பு நீட்டிய படத்தைக் காட்டினேன், அவ்வளவுதான்.

எல்லாப் பூச்சியும் நல்ல பூச்சி என்று சொல்ல வரவில்லை. 2008-ல் கோவைப் பக்கம் ஆரம்பித்துப் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுவதும் பரவியது நினைவிருக்கிறதா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு பூத்து நின்றன. மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்தார்கள். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைத் தீர்த்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளிடம் கொடுத்தது. சீக்கிரமே மாவுப்பூச்சி அடங்கியது. கண்ணுக்கே தெரியாத அந்த ஆள் நம் செம்பருத்தியைக் காப்பாற்றினான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? யாரைக் கொல்கிறோம் என்று பார்க்காமல் அடிக்கிற ஸ்பிரே முதலில் கொல்வது இந்த மாதிரிச் சின்ன ஆட்களைத்தான்.

கொஞ்சம் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அம்மா சொன்ன ‘பூச்சி பொட்டு’ நிஜமாகவே இருக்கிறது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். ஷூ போடாமல் இறங்காதீர்கள். தொட்டிக்கு அடியில், செங்கல் இடுக்கில் கை விடாதீர்கள். குனிவதற்கு முன் சுற்றி ஒரு முறை டார்ச் அடியுங்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். நோட்டுச் சரிபார்க்கிற புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் தேள் விஷயத்தில் உதவும். அந்த வெளிச்சத்தில் தேளின் உடம்பு பச்சை நீலமாக ஒளிவிடும். எங்கள் பின்சுவரில் இரண்டு அப்படித்தான் தெரிந்தன. பதினாறு வருடக் காபியில் அதுவும் சேர்த்தி.

செந்தேளின் அறிவியல் பெயரிலேயே ‘தமுலஸ்’ என்று நம் பெயர் இருக்கிறது. 1798-ல் வைத்த பெயர். பெருமைப்படுவதா என்று தெரியவில்லை, குழந்தைகளுக்கு உயிராபத்து தரக்கூடியது. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மருந்தையே இதற்குப் பயன்படுத்தி 1980-களில் வழி காட்டினார். கொட்டினால் மந்திரிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு என் அண்ணன் மகள் ஒரு விதி சொன்னாள். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மரக்கவைத்துப் படம் எடுக்கிறவர்கள் உண்டாம், பசை போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டாம். “அது படம் இல்லை அத்தை, பொய்” என்றாள். வலையை அறுக்காமல், முட்டையிடுகிறவளைத் தொந்தரவு செய்யாமல், நாலு படத்தோடு நகர்ந்துவிட வேண்டும். பூச்சி வீட்டு விருந்தாளிகள் நாம், என்றாள். வாடகை கட்டுவது நாம்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அவள் கோவைக்குத் திரும்பும்போது அந்தக் கிளிப் லென்ஸை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். மார்கழி முழுவதும் நான்தான் போனேன். ராத்திரி சீரியல் நேரத்தில் பத்து நிமிடம், சில நாள் அரை மணி.

மாமரத்து முசுறுகளை ஒரு நாள் எடுத்தேன். செக்கச் செவேலென்று வரிசையாகப் போகிறவை. படத்தைப் பெரிதாக்கினால் ஓரமாக நின்ற ஒன்றுக்கு எட்டுக் கால்! எறும்பே இல்லை, எறும்பு வேஷம் கட்டிய சிலந்தி. முன்னங்கால் இரண்டைத் தூக்கி மீசை மாதிரி ஆட்டிக்கொண்டு நிற்கிறது. முசுறு கடிக்கும் என்று பயந்து யாரும் கிட்டே வர மாட்டார்கள் இல்லையா, அந்தப் பயத்தில் இது பிழைக்கிறது.

இந்த மாதிரி புது ஆட்களைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட சிலந்தி வகைகள் 2022-ல் ஐம்பதாயிரத்தைத் தாண்டின. இன்னும் பெயர் வைக்காதவை எத்தனையோ. 2021-ல் அறிவித்த ஒரு குதிக்கும் சிலந்தி, மும்பையை ஒட்டிய தானே பகுதியில் கிடைத்தது. 26/11 தாக்குதலில் பயங்கரவாதியை வெறுங்கையால் பிடித்து உயிர்விட்ட போலீஸ்காரர் துகாராம் ஓம்ப்ளேயின் பெயரை அதற்கு வைத்தார்கள். நம் ராமேஸ்வரத்து மரங்களில் வாழ்கிற பெரிய சிலந்தி ஒன்றுக்கு 2004-ல் அனுமன் பெயரோடு சேர்த்து அறிவியல் பெயர் வைத்தார்கள். கோயிலுக்குப் போய்வந்த எத்தனை லட்சம் பேர் அந்த மரங்களுக்கு அடியில் நடந்திருப்போம்?

மார்கழியில் இன்னொன்று நடந்தது. கறிவேப்பிலைக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் ஒரு சிலந்தி தினமும் பொழுது சாய்ந்ததும் வட்டமாக வலை கட்டும். விடியும்போது பார்த்தால் இருக்காது. யாராவது கலைத்துவிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் கோலம் போட நாலரை மணிக்கு எழுந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். அதுவே தன் வலையைச் சுருட்டிச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தது. பட்டு நூலை வீணாக்காமல் உள்ளே வாங்கிக்கொண்டு சாயங்காலம் மறுபடி இழுக்குமாம். அம்மாவிடம் சொன்னேன். கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டே, “நாம போட்டதை எறும்பு திங்குது. அது போட்டதை அதுவே திங்குது. புத்திசாலி” என்றார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கத்தரித் தொட்டிக்குப் பக்கத்தில், காய்ந்துபோன துளசிக் குச்சி ஒன்றில், வரிசையாக ஏதோ தொங்குவதைப் பார்த்தேன். விதைகள் என்று நினைத்தேன். லென்ஸை வைத்தேன். தேனீக்கள். வயிற்றில் நீல நீலமாகப் பட்டை போட்டவை. ஒவ்வொன்றும் குச்சியை வாயால் கவ்விக்கொண்டு, காலை மடக்கி, அந்தரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. கூடு கட்டிக் கும்பலாக வாழாத தேனீ இது. பெண்களுக்கு மண்ணுக்குள் தனித்தனி வளை உண்டு. ஆண்களுக்கு வீடு கிடையாது, பொழுது சாய்ந்தால் இப்படி ஒரு குச்சிதான். பெரும்பாலும் தினமும் அதே குச்சிக்கே வந்துசேரும். கத்தரிப்பூவையும் தக்காளிப்பூவையும் பிடித்து உடம்பை அதிரவைத்து, உள்ளே இருக்கிற மகரந்தத்தை உதிர்க்கிற வித்தை இவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சாதாரணத் தேனீக்கு அது வராது. எங்கள் தொட்டியில் காய் பிடித்ததற்கு அவர்களுக்கும் பங்கு இருக்கும்.

அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போடச் சொன்னேன், என் பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் அப்பவே சொல்லலை, தூங்குதுன்னு?” என்றார்.

சட்டம் மறுபடி அமலுக்கு வந்துவிட்டது. விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் யாரும் துணி உதறக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த துளசிக் குச்சியைப் பிடுங்க வந்த தோட்டக்காரரிடம் அம்மாவே பேசி நிறுத்திவிட்டார். நான் ஆபீஸில் இருந்து திரும்ப நேரமானால் போன் வருகிறது. நேற்றும் வந்தது. இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

“ஏழு பேர் வந்தாச்சு. ஒருத்தனைத்தான் இன்னும் காணோம். நீ எப்ப வர்றே?”

அன்புடன்,
ஆசிரியர்